நான்கு சிவப்பு கிளிப்புகள்

எங்கள் சின்ன ஊரான லெம்வியில் ஐனர் க்விஸ்டின் பல் கிளினிக்கைத் தூரா புண்ட்கோர் வாங்கியபோது அவளுக்கு இருபத்தேழு வயது. ஆர்ஹுஸ் நகரத்தில் பல் மருத்துவப் பட்டம் முடித்து, ஒரு வருஷம் இன்னொருவரிடம் வேலை பார்த்திருந்தாள், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாக அங்கே உதவியாளராக இருந்த என்னையும் நாற்காலி, எக்ஸ்ரே மெஷினோடு சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

எங்கள் கிளினிக் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே ரொட்டி வாங்க வரிசையில் நின்றவர்கள் அவளைப் பற்றிப் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது. பால் லாரி ஓட்டும் வில்லட்ஸ் டோஃப்ட் தான் உரக்கச் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கே இன்னும் பால்பல் விழல போல. என் வாயில என்னத்தப் பிடுங்கப் போறா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வியாழக்கிழமை தோறும் விளையாட்டுக் கூடத்தில் தம்போலா மாதிரியான பாங்கோ ஆட்டத்துக்கு எண்களைக் கூப்பிடுவது வில்லட்ஸ்தான். அந்தக் குரலுக்காகவே பக்கத்து ஊர்க்காரர்கள் வருவார்கள்.

ஐனருக்கு எழுபத்தொரு வயது. பெரிய நிறுவனம் ஒன்று கூடுதலாகத் தர முன்வந்தும் தூராவுக்குத்தான் கொடுத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ரெண்டு மதியம் என்கூட உக்காரு. நோயாளிங்க அட்டையெல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்த்துடலாம். பாதிதான் அட்டைல எழுதியிருக்கேன், மீதி என் தலைல இருக்கு."

"கண்டிப்பா ஐனர். அடுத்த வாரம் வச்சுக்கலாமா?"

அடுத்த வாரம் பெயின்ட் அடிப்பவர்கள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் கம்ப்யூட்டர்காரர். மூன்றாம் முறை அவர் கேட்டபோது, எல்லாமே ஸ்கேன் ஆகிவிடும், கவலைப்படாதீர்கள் என்றாள். அவள் கெட்டவள் இல்லை. கிழவர் அடிக்கடி வந்துகொண்டே இருந்தால் அது தன் கிளினிக்காக எப்போது ஆகும் என்ற தவிப்பு. ஐனர் தலையசைத்துவிட்டு, ஸ்வென்போரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோனார்.

அட்டைகளை ஸ்கேன் செய்வது என் வேலை. இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகள். எனக்கு அப்போது தூராமேல் கோபம். என் மேசையைக் கேட்காமல் ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தியிருந்தாள். காத்திருப்பவர்களுக்காக நான் வைத்திருந்த காபிக் குடுவையையும் எடுத்துவிட்டாள். நான்கு அட்டைகளில் சிவப்பு கிளிப் மாட்டியிருந்தது. ஐனரின் வழக்கம் எனக்குத் தெரியும். சிவப்பு என்றால், நோயாளி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நாமே போன் செய்து கூப்பிட வேண்டும். அவள் ஒருவருக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தபோது கதவருகே நின்று கேட்டேன்.

"தூரா, இந்தச் சிவப்பு கிளிப்பெல்லாம் என்ன பண்றது?"

"எடுத்துப் போட்டுடு கெர்டா. மெஷின்ல சிக்கிக்கும்."

அதற்கு அர்த்தம் என்ன என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தானாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நான்கையும் கழற்றி இழுப்பறையில் போட்டபோது உள்ளுக்குள் ஒரு சின்ன திருப்தி இருந்ததை இன்று வரை என்னால் மறுக்க முடியவில்லை.

மூன்று பேர் தாங்களாகவே வந்தார்கள். நான்காவது அட்டை வில்லட்ஸுடையது.

அவர் ஒன்பது மாதம் கழித்து வந்தார். "ரம்பம் மாதிரி ஒரு பல்லு நாக்கைக் குத்திட்டே இருக்கு. கொஞ்சம் ராவி விடும்மா" என்று நாற்காலியில் சாய்ந்தார். தூரா நாக்கைத் துணியால் பிடித்து ஓரமாக இழுத்துப் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அவர் கழுத்தை இரண்டு பக்கமும் தடவினாள்.

"என்னம்மா, கழுத்துல பல்லு தேடறியா?"

"வில்லட்ஸ், இன்னைக்கே ஹோல்ஸ்டெப்ரோ ஆஸ்பத்திரிக்குப் போகணும். நானே போன் பண்ணிச் சொல்றேன்."

அவர் போனதும் அவருடைய பழைய அட்டையைத் திரையில் திறந்தாள். ஐனரின் கையெழுத்து தெளிவாகவே இருந்தது: நாக்கின் இடது ஓரம், வெள்ளைத் திட்டு, ஆறு மில்லிமீட்டர், இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க. அட்டையின் மூலையில் கிளிப் அழுத்தியிருந்த தடமும் ஸ்கேனில் விழுந்திருந்தது.

"இங்க என்ன இருந்துச்சு, கெர்டா?"

சொன்னேன்.

"உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் சொல்லலையா?"

"கேட்டேனே."

"அது கேட்டதா?"

அவள் ஐனருக்குப் போன் செய்தாள். "வில்லட்ஸா..." என்று அவர் இழுத்தது எனக்கே கேட்டது. பிறகு, "நானே ஒரு போன் போட்டிருக்கலாம். உன் கிளினிக்ல மூக்கை நுழைக்க வேண்டாம்னு இருந்துட்டேன்" என்றார்.

புற்றுநோய்தான். வில்லட்ஸின் நாக்கில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்துத் தூரா அவர் வீட்டுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். அவர் மனைவி டோர்த்தே காபி ஊற்றி, கேக் வெட்டி வைத்தாள். நாங்கள் நலம் விசாரிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். தூரா காபியைத் தொடவில்லை. ஐனர் உட்காரச் சொன்னதையும், தான் தள்ளிப்போட்டதையும், அட்டையில் எழுதியிருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கிளிப்பைக் கழற்றியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வில்லட்ஸ் வாய்க்குள் ஏதோ வைத்துக்கொண்டு பேசுவது போலப் பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரம் எடுத்தது. "அப்பவே... பார்த்திருந்தா?"

"அநேகமா சின்ன வெட்டோட போயிருக்கும். உறுதியா சொல்ல முடியாது. ஆனா அநேகமா."

டோர்த்தே எழுந்து தட்டுகளை எடுத்தாள். "கிளம்புங்க" என்றாள். "இப்பவே."

காரில் நான் அழுதேன். "நானும் சொல்லியிருக்கணும் தூரா. வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன்."

"கிளினிக் என்னோடது. நான் சொல்ல வேண்டியதை நான் சொல்லிட்டேன்" என்றாள், சாலையைப் பார்த்தபடி. "உன்னோடதை நீ இன்னும் சொல்லாம வச்சிருக்கே."

ஒரு வாரம் தாங்கினேன். பிறகு தனியாகப் போனேன். அர்த்தம் தெரிந்தும் கிளிப்பைக் கழற்றியது நான்தான் என்று நான் சொன்னதை டோர்த்தே கதவைப் பாதி திறந்து நின்று கேட்டாள். நானும் அவளும் பெண்கள் உடற்பயிற்சிக் குழுவில் இருபது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுப்பவர்கள்.

"நீயுமா, கெர்டா?" என்றாள். கதவைச் சாத்தும்போது சத்தம்கூட வரவில்லை. அடுத்த செவ்வாய் அவள் தன் பாயைச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டாள்.

நோயாளிகளுக்கான இழப்பீட்டு விண்ணப்பத்தைத் தூராவே பூர்த்தி செய்து வில்லட்ஸிடம் கையெழுத்து வாங்க அனுப்பினாள். புகார்களை விசாரிக்கும் குழுவுக்குத் தன்னைப் பற்றித் தானே எழுதினாள். அவர்கள் கண்டித்து ஒரு கடிதம் அனுப்பினார்கள். அந்தப் பெரிய நிறுவனம் மறுபடி விலை பேச வந்தபோது இரண்டு நாள் யோசித்தாள். விற்கவில்லை. ஐனர் ஸ்வென்போரிலிருந்து ரயிலில் வந்து நான்கு மதியம் அவளோடு உட்கார்ந்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். அவர்கள் பெயர் சொல்லச் சொல்ல நான் போன் செய்து வரவழைத்தேன். வேறு யாருக்கும் எதுவும் இல்லை. அதில் எங்களுக்குப் பெரிய ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

வில்லட்ஸ் மறுபடி லாரி ஓட்டுகிறார். பல்லுக்கு ஸ்ட்ரூயர் நகரம் வரை போகிறார். பாங்கோ கூப்பிடுவது இப்போது பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்.

போன வசந்தத்தில் டோர்த்தேயின் கடைவாய்ப் பல் உடைந்தது. ஸ்ட்ரூயரில் அன்று இடம் இல்லை, வலியோ தாங்கவில்லை, எங்களிடம்தான் வந்தாள். தூரா முக்கால் மணி நேரம் வேலை செய்தாள். முடிந்ததும் தூரா அவள் நாக்கை மெல்ல இழுத்து, இரண்டு ஓரமும் பார்த்தாள். டோர்த்தேயின் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. நான் துடைக்கக் காகிதம் நீட்டினேன். அவள் அதை வாங்காமல் தன் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

வெளியே என் மேசையில் கோட்டை மாட்டியபடி கேட்டாள்: "அடுத்தது எப்போ?"

"ஆறு மாசம் கழிச்சு. எழுதட்டுமா?"

"எழுது." பொத்தான் போட்டு முடித்தாள். "அவர் வரமாட்டார். அவரைப் பத்தி என்கிட்ட கேக்காதே."

"கேக்கல, டோர்த்தே."

தேதியை எழுதிக் கொடுத்தேன். அவள் படிக்காமலே பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். உள்ளே தூரா குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்த நோயாளி காத்திருந்தார். டோர்த்தேயின் தேதியை என் நோட்டிலும் எழுதிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.