பலகையில் விழாத கோடு

பேய் என்றதும் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். போன மார்ச் மாதம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இது யாரோ சொல்லி யாரோ கேட்ட சமாசாரம் இல்லை. யாமினிக்கு நடந்தது. அவள் இன்றைக்கும் நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் அதே அபார்ட்மெண்டில்தான் இருக்கிறாள். மருந்துக் கம்பெனியில் டேட்டா பார்க்கிறாள். ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவாள். கண்டதைக் கற்பனை செய்கிற ரகம் இல்லை. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், என் சரக்கு இதில் எதுவும் கிடையாது.

யாமினிக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஜப்பானிய மரப்பலகை அச்சு. பலகையில் உளியால் செதுக்கி, மை தடவி, மேலே ஈரக் காகிதத்தை வைத்துத் தேய்த்து எடுக்கிற படம். பழைய காலத்தில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்சடிப்பவர் ஒருவர். போன நூற்றாண்டில் சில ஓவியர்கள் வந்து, மூன்றையும் ஒரே கைதான் செய்யவேண்டும் என்றார்கள். அவர்களில் சிலர் மலை, அலை, நடிகர் முகம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் வடிவங்களை அச்சடித்தார்கள். ஒரு கறுப்பு, ஒரு வெளுப்பு, நடுவில் மரத்தின் ரேகை. அவ்வளவுதான். பிரின்ஸ்டனில் ஒரு கண்காட்சியில் அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு யாமினி அரை மணி நேரம் நகரவில்லை. அவள் கணவன் சபரி, பார்க்கிங் டைம் முடியப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அதே படத்துக்கு முன்னால் இன்னொருத்தியும் நகராமல் நின்றிருந்தாள். அவள்தான் விஷாகா. சென்னை, மேற்கு மாம்பலம். வீடு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில்.

"நீங்க தமிழா?" என்றாள் யாமினி.

"ஆமாங்க. இதுல என்ன இருக்குன்னு இப்படிப் பார்க்கறோம்?"

"தெரியலையே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட சிநேகம்தான். அடுத்த நான்கு வருஷம் சனிக்கிழமைதோறும் விஷாகா வீட்டு கராஜில் உளியும் மையுமாக இருந்தார்கள். காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேஜை போட்டுக்கொண்டார்கள். பாட்லக் விருந்தில் ஆன்ட்டிகள் ஃபோனில் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, தோசை தீஞ்சு போன மாதிரி இருக்கு?" என்பார்கள். யாமினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். விஷாகாதான் தொடையில் கிள்ளி அடக்குவாள்.

அப்படி யாமினி செதுக்கிய ஒரு படம்தான் இந்தக் கதை. ஒரே பலகை, ஒரே மை. கறுப்பாக ஒரு வடிவம். முட்டை இல்லை, கல் இல்லை, எதுவுமே இல்லை. ஆனால் பார்த்தால் நெஞ்சில் ஏதோ அழுத்தும். எட்டு மாதம் உட்கார்ந்து செதுக்கினாள். ஆபீசுக்கு இல்லை, வீட்டுக்கு இல்லை, இது ஒன்று எனக்கே எனக்கு என்று சொல்லிக்கொண்டு செதுக்கினாள். பத்துப் பிரதி எடுத்தாள். பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இந்தக் கலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பத்து என்று சொன்னால் பத்துதான். பத்தாவது பிரதி எடுத்த கையோடு பலகையின் குறுக்கே உளியால் இரண்டு கோடு கிழித்துவிடவேண்டும். அதற்குப்பிறகு யாரும் அதில் அச்சடிக்க முடியாது. வாங்குகிறவனுக்குக் கொடுக்கிற சத்தியம் அது. யாமினி உளியை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். கை வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"கொடுடி. உனக்கு மனசு வராது, நான் போடறேன். நீ வீட்டுக்குப் போ," என்றாள் விஷாகா.

மறுநாள் விஷாகாவிடமிருந்து மெசேஜ் வந்தது. "போட்டாச்சு. அழாத லூசு." யாமினி போய்ப் பார்க்கவில்லை. கோடு விழுந்த பலகையைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. தோழி சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன?

இந்த ஜனவரியில் விஷாகா கார் விபத்தில் போய்விட்டாள். ஆபீசுக்குக் கிளம்பியவள் வரவில்லை. ஃபியூனரல் ஹோமில் அவளுக்குப் புடவை கட்டிவிட்டது யாமினிதான். ஒரு மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. விஷாகாவின் கணவன் சேந்தன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு டெக்சஸில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது, "கராஜ்ல இருக்கறதெல்லாம் உங்களுக்குத்தான் யாமினி. கதவோட நம்பர் கோட் தெரியுமில்ல? எப்ப வேணா வந்து எடுத்துக்கோங்க," என்றான்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஈமெயில் வந்தது. மே மாதம் யாமினியின் முதல் கண்காட்சி நடப்பதாக இருந்தது. அதை நடத்துகிறவர்கள் எழுதியிருந்தார்கள். கலிபோர்னியாவில், குபெர்டினோவில் ஒரு கேலரியில் இதே படம் இருக்கிறது, உங்கள் கையெழுத்தோடு, முப்பது பிரதியில் இருபத்துமூன்றாவது என்று எண் போட்டு. நீங்கள் பத்துதான் என்று உறுதி சொல்லியிருக்கிறீர்கள். திங்கட்கிழமைக்குள் விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் கண்காட்சி கிடையாது.

பொய்க்காரி என்று பட்டம். இந்தச் சின்ன உலகத்தில் ஒரு தரம் அந்தப் பெயர் வந்தால் போகாது.  குபெர்டினோவுக்கு ஃபோன் போட்டாள், வாய்ஸ்மெயில்தான் வந்தது.

"விஷாகா கோடு போட்டுப் பலகையைக் கேன்சல் பண்ணிட்டா சபரி. அதை ஃபோட்டோ எடுத்து அனுப்பினா போதும். அந்தப் படம் டூப்ளிகேட்னு தெரிஞ்சிடும்."

"அவ பண்ணினதை நீ பார்த்தியா?"

"செத்துப் போனவளைச் சந்தேகப்படறியா?"



மறுநாள் மதியம் தனியாகக் கிளம்பினாள். ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் போய்ச் சேரும்போது மணி மூன்று பத்து. நம்பர் கோட் அடித்ததும் கராஜ் கதவு கடகடவென்று ஏறியது. ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். பகல். பேய் பிசாசு என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. நினைப்பெல்லாம் பலகைதான்.

முதலில் வாசனை. மையும் சோற்றுப் பசையும் கலந்த வாசனை. இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த இடம். பசை இந்நேரம் நாறியிருக்கவேண்டும். நாறவில்லை. இப்போதுதான் குழைத்த மாதிரி இருந்தது.

பிளாஸ்டிக் உறைக்குள் காகிதக் கட்டு. அச்சடிக்கும் நாளன்றுதான் காகிதத்தை நனைத்து உறைக்குள் வைப்பார்கள். இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். யாமினி தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்ற ஈரம். ஒரு புள்ளி பூஞ்சை இல்லை.

சேந்தன் வந்திருப்பானோ? டெக்சஸில் இருந்தா? எதற்கு?

அலமாரியின் அடித்தட்டில், பழைய துண்டு சுற்றிய பலகை இருந்தது. எடுத்தாள். பிரித்தாள்.

கோடு இல்லை.

ஒரு கீறல்கூட இல்லை. அவள் செதுக்கியது செதுக்கியபடி இருந்தது. வடிவத்தின் ஓரங்கள் மட்டும் மழுங்கியிருந்தன. மெத்தென்ற மரம்தான், ஆனாலும் பத்துப் பிரதிக்கு ஓரம் மழுங்காது. இருபதுக்கு, முப்பதுக்குத்தான் மழுங்கும்.

யாமினி பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பயம் இல்லை அப்போது. அடிவயிற்றிலிருந்து ஒரு எரிச்சல் ஏறியது. அழாத லூசு என்றாளே. அந்தக் கையால்தானே தொடையில் கிள்ளி அடக்கினாள்.

"உனக்குப் புடவை கட்டிவிட்டேனேடி," என்றாள் வாய்விட்டு. "பாவி. உனக்குப் புடவை கட்டிவிட்டேனே."

அப்போதுதான் அது கேட்டது.

சர்ர்ர்... சர்ர்ர்...

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தட்டால் காகிதத்தின் முதுகைத் தேய்க்கிற சத்தம். நான்கு வருஷம் கேட்ட சத்தம். விஷாகா தேய்த்தால் இரண்டு நீளம், ஒரு குட்டை.

சர்ர்ர்... சர்ர்ர்... சர்க்.

மேஜைமேல் ஒரு காகிதம் கிடந்தது. வரும்போது அது அங்கே இல்லை. இல்லவே இல்லை, சத்தியம் செய்கிறாள்.

தட்டு எதுவும் தெரியவில்லை. கையும் தெரியவில்லை. காகிதம் மட்டும் லேசாக அமுங்கி எழுந்தது.

அமுங்கி... எழுந்தது.

அடியில் பலகை கிடையாது. பலகை அவள் மடியில் இருக்கிறது. ஆனாலும் காகிதத்தின் முதுகு வழியாகக் கறுப்பு ஊறி வந்தது. மெதுவாக. முட்டை இல்லை. கல் இல்லை. அவளுடைய வடிவம்.

உள்ளங்கையில் ஏதோ பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தாள். காய்ந்து கிடந்த பலகை முழுக்க ஈர மை. இரண்டு கையும் கறுப்பு.

"விஷா...?"

சத்தம் நின்றது.

பனி ஜன்னலில் படுவது மட்டும் கேட்டது.

பிறகு...

கிர்ர்... கிர்ர்...

பென்சில்.

காகிதத்தின் கீழ் ஓரத்தில், ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. யா. மி. னி. அவளுடைய கையெழுத்தேதான். கடைசி எழுத்தின் சுழி உட்பட.

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் பயத்தை மீறி ஆத்திரம் வந்துவிட்டது அவளுக்கு.

"என் பேரை ஏண்டி எழுதற?"

உளியை எடுத்தாள். பலகையை மேஜையில் போட்டாள். முதல் கோடு. மரம் கிழிகிற சத்தம். தன் தோலைக் கிழிப்பது போலத்தான் இருந்தது. கிழித்தாள்.

இரண்டாவது கோட்டுக்கு உளியை வைத்தாள்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ஈரமான கை.

ஜில்லென்று.

யாமினி கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். அந்தக் கையோடு சேர்த்தே இழுத்தாள். கோடு விழுந்தது. அந்தக் கை தடுத்ததா, கூடச் சேர்ந்து இழுத்ததா... இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை.

பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து காரில் உட்கார்ந்தாள். கராஜுக்குள் பத்து நிமிஷம் இருந்திருப்பாள், அவள் கணக்குப்படி. காரில் மணி ஐந்து நாற்பது. மேஜையில் கிடந்த காகிதத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் சபரி அவள் கைகளைப் பார்த்தான். சிங்க்கில் நிறுத்தி அவனே தேய்த்துக் கழுவிவிட்டான். மை போகவில்லை. போக இரண்டு நாளானது.

திங்கட்கிழமை காலை, கோடு விழுந்த பலகையின் படத்தை அனுப்பி, நடந்த மோசடியை எழுதினாள். பேயைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் யார் நம்புவார்கள்? மதியம் குபெர்டினோவுக்குப் போட்ட ஃபோனை ஒரு அம்மாள் எடுத்தார். கேலரியை நடத்துகிற விசாலாக்ஷி. தமிழ்க்காரர்.

"ஆன்ட்டி, நான் யாமினி பேசறேன். நியூ ஜெர்சியில இருந்து. உங்ககிட்ட இருக்கற அந்தக் கறுப்பு பிரிண்ட் என்னோடது."





"யாரும்மா நீ? இதுல என்ன விளையாட்டு? அந்தப் பொண்ணு இறந்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சே."

"யார் சொன்னாங்க?"

"அவளோட ஃப்ரெண்ட், விஷாகா. கார்த்திகைக்கு ரெண்டு நாள் முன்னாடி நேர்லயே வந்தா. சாகறதுக்கு முன்னாடி யாமினி முப்பதுலயும் கையெழுத்துப் போட்டு வெச்சிருந்தான்னு சொல்லி, தேம்பித் தேம்பி அழுதா. எனக்கே கண் கலங்கிடுச்சு."

கார்த்திகை தீபத்தன்று விஷாகா யாமினி வீட்டில்தான் இருந்தாள். அபார்ட்மெண்ட் பால்கனியில் நெருப்பு கூடாது என்பதால் பேட்டரி விளக்குகளை வரிசையாக வைத்தாள். ஆபீஸ் வேலையாக கலிபோர்னியா போய்விட்டு வந்த அலுப்பு என்று சொல்லி, நான்கு பொரி உருண்டை சாப்பிட்டாள்.  யாமினி கிச்சன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிச் செத்தேன்னு சொன்னா ஆன்ட்டி?"

"என்னம்மா கேள்வி இது... காலைல ஆபீஸ் போறப்ப, ஃப்ரீவே ராம்ப்ல பிளாக் ஐஸாம், கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டி. கார் வழுக்கி மரத்துல மோதிடுச்சாம். ஒரு கால் ஷூ மட்டும் எங்க தேடியும் கிடைக்கலையாம். வெறும் காலோட அனுப்பி வெச்சோம்னு சொல்லிச் சொல்லி அழுதா."

விஷாகா அப்படித்தான் போனாள். ஜனவரியில். அதே மாதிரி ராம்ப், பிளாக் ஐஸ், மரம். அந்த ஷூவைச் சேந்தன் பனியைக் கிளறிக் கிளறித் தேடினான். அது அவனுக்கும், வெறும் காலோடு கிடந்தவளுக்குப் புடவை கட்டிவிட்ட யாமினிக்கும் மட்டுமே தெரியும். ஆனால் விசாலாக்ஷி ஆன்ட்டி அதைக் கேட்டது ஜனவரிக்கு ஒரு மாதம் முன்பே.

 ஃபோனில் அந்த அம்மாளின் மூச்சு கேட்டது. பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

"நீ நிஜமாவே யாமினின்னா... அப்ப செத்துப்போனது யாரும்மா?"