சின்னத் தாத்தாவுக்கு வந்த பேண்டு

எங்கள் தெருவில் பேண்டு வருகிறது என்றால் முதலில் காதில் விழுவது பேண்டு அல்ல, கதவு சாத்தும் சத்தம்தான். சாவு ஊர்வலத்தைச் சின்னப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம். தெருமுனையில் 'டும்' என்று ஓர் அடி விழுந்தால் போதும், அம்மா எங்கிருந்தாலும் ஓடி வருவாள். கையில் மாவு இருக்கும், சாம்பல் இருக்கும். அதோடேயே என் சடையோ தம்பியின் அரைஞாண் கயிறோ, எது அகப்படுகிறதோ அதைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வாள். வாத்தியமெல்லாம் எங்கள் கதவை உரசிக்கொண்டு போகும். மறுபடி கதவு திறக்கும்போது தெருவில் நாலு சாமந்தியும் கொஞ்சம் பொரியும் கிடக்கும். எனக்கு வயிறு எரியும்.

ஏனென்றால் அது என் பேண்டு. எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. மில்லில் வேலை பார்த்த பன்னிரண்டு பேர் சாயங்காலச் சங்கு ஊதியதும் குளித்துவிட்டு அங்கே வந்து சேருவார்கள். ஊரில் அவர்களைக் கொட்டகை பேண்டு என்பார்கள். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சுவரில் முதுகைக் கொடுத்துக்கொண்டு தினமும் கேட்பேன். சுவர் உயரம், மேலே கண்ணாடிச் சில்லு வேறு. ஒருத்தர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. முகமெல்லாம் நானே வைத்துக்கொண்டேன். பெரிய டிரம் அடிக்கிறவருக்குத் தொந்தியும் மீசையும். கிளாரினெட் ஊதுகிறவருக்குச் சுருட்டை முடி, பெண்பிள்ளை போல மெல்லிய விரல். 'ப்பூம் ப்பூம்' என்று ஒன்று அடிவயிற்றிலிருந்து வரும். அது என்ன வாத்தியம் என்றே தெரியாததால் அதற்கு மட்டும் ஓர் எருமையின் முகம்.

எனக்கு உயிரான பாட்டு ஒன்று இருந்தது. படிப்படியாக மேலே ஏறும், உச்சியில் போய் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும், அப்புறம் டிரம் 'டும், டும்' என்று இரண்டே அடி. அதற்குப் படிக்கட்டுப் பாட்டு என்று பெயர் வைத்திருந்தேன். அந்த இரண்டு அடிக்காகக் கையில் ஒரு கூழாங்கல்லைத் தயாராக வைத்திருந்து, சரியான நேரத்தில் துவைக்கிற கல்லில் தட்டுவேன். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது.

கொட்டகைக்குப் போய் எட்டிப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். ஆம்பளைகள் கூடுகிற இடத்துக்குப் போனால் காலை முறிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா சொன்னால் செய்வாள். மாதா கோயில் திருவிழாவிலும் அவர்கள் வாசிப்பதுண்டு. ஆனால் அது ஊரின் மறுகோடி. எங்களைக் கூட்டிப் போக யாருக்குப் பொழுதிருந்தது? எங்கள் கல்யாணங்களுக்கோ நாயனம்தான். ஆகமொத்தம், என் பேண்டு எங்கள் தெருவுக்கு வர ஒருத்தர் செத்தாக வேண்டும். வந்தாலோ கதவைச் சாத்திவிடுவார்கள்.

இந்த முடிச்சு எதிர்வீட்டுப் பெரியம்மா செத்தபோது அவிழ்ந்தது. அன்றைக்கு அத்தனை வீட்டுக் கதவும் சாத்தியிருக்க, அந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வாசலில் நின்று பேண்டை முழுசாகப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பீற்றிக்கொண்டதைக் கேட்கவேண்டுமே! இழவு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு கிடையாது. எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருந்தார்.

அப்பாவின் சித்தப்பா. எங்களுக்குச் சின்னத் தாத்தா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், முன்னறையில் தனியாக இருந்தார். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் கப்பலேறிப் போய் வந்ததால் தெருவில் அவரைச் சொல்தா என்பார்கள். பட்டாளத்துக்காரன் என்று அர்த்தம். பிரெஞ்சுக்கொடி இறங்கி நாலு வருஷம் ஆகியும் அவர் வாயிலிருந்து அந்தப் பாஷை இறங்கவில்லை. 'அலோர்' என்று ஒரு செருமல் இல்லாமல் பேச்சைத் தொடங்க மாட்டார். எட்டு வயதுச் சிறுமியான என்னை 'மத்மசேல்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஒரே ஆத்மா அவர்தான்.

சைகோனிலிருந்து வரும்போது அவர் ஒரு டிரம்பெட் கொண்டுவந்திருந்தார். கொட்டகை பேண்டு தொடங்கியபோது அதைத் தூக்கி அவர்களிடம் கொடுத்துவிட்டார். பேண்டு மாஸ்டர் நெகிழ்ந்துபோய், "உங்க கடைசிப் பயணத்துக்கு நாங்க பன்னெண்டு பேரும் வந்து நிப்போம்யா, இது சத்தியம்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். தாத்தா அன்றைக்கு என்ன வாசிக்கவேண்டும் என்றுகூடச் சொல்லிவைத்திருந்தார். படிக்கட்டுப் பாட்டைத்தான். அவர் பட்டாளத்தில் கேட்டு வந்து, வாயால் பாடிக் காட்டிக் கற்றுக்கொடுத்ததே அதுதானாம்.

தெருக்கோடிப் பிள்ளையாரிடம் நான் வேண்டிக்கொண்டேன். தாத்தா மேல் எனக்குக் கோபமா? கொள்ளைப் பிரியம். அவருக்கும் பேண்டு பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், பூப்பல்லக்கில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவரும் நன்றாகக் கேட்கலாம். ஒருத்தருக்கும் நஷ்டமில்லாத வேண்டுதல் என்றுதான் நினைத்தேன். தினம் இருபத்தொரு தோப்புக்கரணம் போட்டேன்.

ஒன்பதாம் நாள் தாத்தா காய்ச்சலில் விழுந்தார்.

மூன்று நாளில் அவர் முகம் மாறிப்போயிற்று. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போது பழைய கதவு போலக் கிறீச்சிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அப்பாவை வாசலுக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டே சோறு வடித்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார். எதற்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டது அப்படியே நடக்கிறது.

பிள்ளையாரிடம் ஓடினேன். வேண்டியதைத் திரும்ப வாங்க எத்தனை தோப்புக்கரணம் என்று யாரைக் கேட்பது? இரண்டு பங்கு போட்டேன். போதாதோ என்று கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு இன்னொரு இருபத்தொன்று போட்டேன். பிள்ளையார் எப்போதும்போல் உட்கார்ந்திருந்தார். முட்டி இரண்டும் கழன்றுபோக, வீட்டுக்கு வந்து நேரே தாத்தா கட்டிலுக்குப் போனேன். அழுகையும் மூக்குமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

தாத்தா கண்ணை மூடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கட்டில் ஆடத் தொடங்கியது. சாகிறார் என்றே நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் பெரிய இருமலாகி, நெஞ்சில் கட்டிக்கிடந்த சளியெல்லாம் புரண்டு வெளியே வந்தது. அம்மா கிண்ணத்தோடு ஓடி வந்தாள்.

"அலோர், மத்மசேல்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "பேண்டு பாக்கறதுக்கு நான் செத்துத்தான் ஆவணும்னு எவன் சொன்னான்?"

அன்றிலிருந்து காய்ச்சல் இறங்கியது. அது சிரிப்பாலா, டாக்டர் போட்ட ஊசியாலா, என் தோப்புக்கரணத்தாலா என்று கேட்டால், என் ஓட்டு தோப்புக்கரணத்துக்குத்தான்.

அடுத்த வாரம் தாத்தாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றி முடித்து, தலை துவட்டும்போதே பேண்டு மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, நம் வீட்டு வாசலில், பன்னிரண்டு பேரும் என்றார். வீடு இரண்டுபட்டது.

"உசுரோட இருக்கற மனுசனுக்கு சாவு பேண்டா? ஊரு காறித் துப்பும் மாமா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாஸ்டரும் தயங்கினார். "நீங்க கேட்ட பாட்ட, உசுரோட உக்காந்திருக்கற ஆளு வாசல்ல நாங்க வாசிச்சதே இல்லைங்களே ஐயா."

"நான் உக்காரல. நின்னுக்கினு கேக்கறேன். போயி துணிய இஸ்திரி போடு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தாத்தா மடிப்புக் கலையாத பழைய கோட்டைப் போட்டு, பிஸ்கட் டப்பாவிலிருந்து மூன்று மெடல்களை எடுத்துக் குத்திக்கொண்டு, கைத்தடியை ஊன்றி வாசலில் நின்றார். பக்கத்தில், எண்ணெய் வழிய வாரிய தலையோடு நான். பேண்டு தெருமுனையில் திரும்பி, 'டும்' என்று முதல் அடியைப் போட்டது.

படார், படார், படார்! தெரு நெடுகக் கதவுகள் சாத்திக்கொண்டன. சொல்தா படுக்கையில் கிடக்கிறார் என்பது ஊருக்குத் தெரியும். பேண்டு யார் வீட்டுக்கு வருகிறது என்பதும் தெரியும். அப்புறம் என்ன விசாரணை? ஒரு நிமிஷத்தில் தெருவில் ஒரு பிள்ளை இல்லை. எங்கள் அம்மாவே பழக்கதோஷத்தில் என் சடையைப் பிடித்துவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அரியாங்குப்பத்திலிருந்து அப்பாவின் அத்தை வந்து சேர்ந்தாள். தாத்தாவுக்குத் தங்கை. உடம்பு சரியில்லாத அண்ணனைப் பார்க்க வந்தவள், பேண்டைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டு, முனையிலிருந்த பூக்காரியின் கையிலிருந்து ஒரு மாலையைப் பிடுங்கிக்கொண்டு, "என்னப் பெத்த அண்ணா, எங்கள உட்டுட்டுப் போயிட்டியே" என்று அவிழ்ந்த தலையோடு பேண்டுக்கு முன்னால் ஓடிவந்தாள். வாசலில் பார்த்தால், அண்ணன் மெடலோடு நிற்கிறார்.

தாத்தா கழுத்தை நீட்டினார். "போடு போடு. கொண்டாந்தது கொண்டாந்துட்ட."

"நீ நாசமா போவ!" என்று கத்திக்கொண்டே மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டு, அதே கையால் அவர் தோளில் நாலு அடி வைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கடவுளுக்குத்தான் தெரியும். இந்தக் கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல்கடை திறந்தது. "அடியே, சொல்தா நிக்கறாருடி!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். ஒவ்வொரு கதவாகத் திறந்து, அடைத்துவைத்திருந்த பிள்ளைகளெல்லாம் தெருவில் கொட்டினார்கள். எல்லோரும் என் பேண்டைப் பார்த்தார்கள். நான் முன்வரிசையில்!

சிவப்புக் கோட்டு, வெளுத்த மஞ்சள் சரிகை, சிலருக்குச் செருப்பு, சிலருக்கு வெறுங்கால். கிளாரினெட்காரருக்குச் சுருட்டை முடியா? முழு வழுக்கை. 'ப்பூம்' என்கிற எருமை, ஆளையே சுற்றிக்கொண்டு தோளுக்கு மேல் வாயைப் பிளந்த ஒரு பித்தளைக் குழாய். டிரம் அடிப்பவரோ ஒடிசலோ ஒடிசல்; டிரம்முக்குப் பின்னால் அவரைத் தேடவேண்டியிருந்தது. நான் கொடுத்த முகம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அதனால் என்ன? சுவர் இல்லாமல் கேட்கும்போது சத்தம் காதுக்குள் வரவில்லை, நேரே நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது.

கடைசியாகப் படிக்கட்டுப் பாட்டு. சைகோன் டிரம்பெட் ஏறத் தொடங்கியதும் தாத்தா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். பாட்டு படிப்படியாக ஏறி உச்சிக்கு வந்து நின்றது. என் கை தானாக எழும்பி, கைத்தடியால் வாசற்படியில் 'டக், டக்' என்று தட்டிவிட்டது. டிரம்மோடு சேர்ந்து, சுத்தமாக, இரண்டு அடி. டிரம்காரர் திரும்பிப் பார்த்தார்.

"செவுத்துக்கு அந்தாண்ட கல்லத் தட்டறது நீதானா?" என்றார். "ஏதோ பல்லின்னு இல்ல நெனச்சோம்!"

பாட்டை மறுபடி தொடங்கச் சொன்னார் மாஸ்டர். இந்தத் தடவை உச்சியில் நின்றபோது டிரம் கோல் என் கையில் இருந்தது. டும். டும். தெரு முழுக்க அதிர்ந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகளின் முகத்தை நான் தனியாகப் பார்த்துவைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து, மாஸ்டர் தாத்தாவைக் கும்பிட்டார். தாத்தா அவர் தோளில் கை வைத்தார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டப்பா. இனிமே எனக்காக வர வேணாம்."

மாஸ்டர் என்னவோ சொல்ல வந்தார். தாத்தா தலையை ஆட்டினார். "ஒரு தரம்னு சொன்ன, ஒரு தரம் வந்துட்ட. என் பங்க இவ கேட்டுட்டா, போதும்." அப்பா சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். அப்பாவின் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நல்ல சேதியைக் கேட்டு இவர்கள் ஏன் இப்படி ஆகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

தாத்தா இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். ஒரு மார்கழிக் காலையில் போனார். அன்றைக்குப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள், அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு வெறுங்கையோடு. பல்லக்குக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடந்தார்கள். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்க்க எனக்கு உரிமை இருந்தும், கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கைத்தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை ஓடினேன். அத்தனை பிள்ளைகளும் பின்னால் ஓடிவர, தொண்டை கிழியக் கத்தினேன்:

"எங்க தாத்தா சாவவே மாட்டாரு! பேண்டுக்காரங்ககிட்டயே வர வேணாம்னு சொல்லிட்டாரு!"