என் பெயரில் ஏறிய அவளது ஒவ்வாமை

போன மாரியில், கிளிநொச்சியில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் நடந்தது இது. நாங்கள் அக்கராயன் பக்கம். நான் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். வயலில் ஏதோ குத்தி மனைவியின் கால் வீங்கி, காய்ச்சலும் ஏறிவிட, ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த நிலையத்துக்குக் கொம்பியூட்டர் வந்தபோது என்னைவிட மகிழ்ந்தவர் இருந்திருக்க மாட்டார். இடப்பெயர்வில் எங்கள் எக்ஸ்ரேக்கள், இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் எல்லாம் ஒரு பையோடு போய்விட்டன. பிறகு எந்த டொக்டரிடம் போனாலும் பழைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இப்போது இலக்கத்தைத் தட்டினால் எல்லாம் திரையில் வருகிறது. மின்சாரம் போனால் எல்லாரும் வாய்பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். டொக்டரும் எங்கள் முகத்தைவிடத் திரையைத்தான் கூடப் பார்க்கிறார். அந்தக் குறைகளைச் சொன்னவர்களோடெல்லாம் நான் வாதாடியிருக்கிறேன். இனி எதுவும் தொலையாது என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

கால் வீங்கியதற்கு முந்திய வருடம் மனைவிக்குப் பல்வலி வந்து, மின்சாரம் இல்லாத ஒரு நாளில் பதியாமலே அங்கே மருந்து எடுத்தோம். குளிசை போட்ட அன்றே உடம்பெல்லாம் தடித்துவிட்டது. திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, “ஐயா, அம்மாவுக்குப் புதுசாப் பதியோணும். அவாவின்ர அடையாள அட்டையைத் தாங்கோ” என்றாள். அட்டை வீட்டில் இருந்தது. பின்னால் நீண்ட வரிசை.

“என்ர பேர் இருக்குத்தானே பிள்ளை? அதில போடு. ஒரே குடும்பம், ஒரே போன் நம்பர்.”

“அப்பிடிப் போடேலாது ஐயா.”

“நிவாரணம் தொடக்கம் வீட்டுத்திட்டம் வரைக்கும் எல்லாம் என்ர பேரிலதான் வந்தது. இதுக்கு மட்டும் என்ன புதுச் சட்டம்?”

அதிபர் குரலில் கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் என் இலக்கத்தைத் தட்டி என் பக்கத்தைத் திறந்தாள். உள்ளே டொக்டர் என் மனைவியைப் பார்த்துவிட்டு, பெனிசிலின் வகை இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பதிந்தார். அவர் பதிந்தது, திறந்திருந்த என் பக்கத்தில்.

சில மாதங்களில் மகன் தாயைத் தனியாகப் பதிந்துவிட்டான். இந்தப் பழைய விடயம் அவனுக்குத் தெரியாது. நானும் மறந்துவிட்டேன்.

காய்ச்சலோடு போன அன்று இருந்தவர் வேறொரு டொக்டர். மனைவி கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தாள். “அம்மாவுக்கு ஒத்துவராத மருந்து ஏதும் இருக்கோ ஐயா?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

“எல்லாம் கொம்பியூட்டரில கிடக்கு டொக்டர், பாருங்கோ” என்றேன், அதை நானே செய்துவைத்தவன் போல.

அவர் பார்த்தார். அவளது பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஊசி போட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. என் கையைப் பிடித்தவள் பிடியை விட்டுவிட்டாள். டொக்டர் ஓடிவந்து மாற்று ஊசி போட்டு, ஒட்சிசன் வைத்து, அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார். அந்தப் பயணத்தில்தான் பல்வலியும் தடிப்பும் கவுண்டரில் நான் பேசிய பேச்சும் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தன.

அவள் தப்பினாள். ஆனால் வார்டு வாசலில் மகன் கொதித்துக்கொண்டு நின்றான். “கிளினிக்காரரைச் சும்மா விடக்கூடாது அப்பா. முறைப்பாடு எழுதுவம். நீங்கள் எழுதினால் வடிவா எழுதுவியள்.”

நான் வாய் திறக்காமல் இருந்தால் பழி அந்த டொக்டரோடு போயிருக்கும். ஒரு கணம் அப்படி விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பிறகு மகனிடம் நடந்தது முழுவதையும் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனான். டொக்டருக்கும் போன் எடுத்துச் சொன்னேன். கேட்க வேண்டியவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டேன்.

மனைவிக்குக் குரல் தெளிந்ததும் அவளிடமும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். பிறகு, “காணி உங்கட பேரில, வீடு உங்கட பேரில. என்ர உடம்பு வருத்தத்தையாவது எனக்கு விட்டிருக்கலாமே” என்றாள். சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை.

அவள் நடக்கத் தொடங்கியதும் இருவருமாக அந்த நிலையத்துக்குப் போனோம். என் பக்கத்தில் இருந்ததை எடுத்து அவளது பக்கத்தில் சிவப்பு எழுத்தில் போடும்வரை கவுண்டரை விட்டு நான் அசையவில்லை. “திரையைத் திருப்பு பிள்ளை, அம்மா வாசிக்கட்டும்” என்றேன். மனைவி உரத்து வாசித்தாள்.

இப்போது டொக்டர் அவளிடம் ஏதாவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. வரிசையில் யாராவது “என்ர பேரிலயே போடுங்கோ” என்று சொல்லக் கேட்டால், எழும்பிப் போய் இந்தக் கதையைச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். கொம்பியூட்டரில் ஏறியது தொலையாது என்று மகிழ்ந்தவன் நான். பிழையும் அப்படித்தான், திருத்தும்வரை தொலையாமல் காத்துக்கொண்டிருக்கும் என்பதை அவளுடைய மூச்சு இழுத்த அந்தச் சில நிமிடங்களில் படித்தேன். எனக்கு மூச்சு இருக்கும்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.