பிரின்சிபால் கேட்ட லட்டு

மாலத்தீவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பிரின்சிபாலும் இந்தியர்தானே என்று நம்பி, பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுத்தது என் தப்பு. பிள்ளைகள் எதிரிலேயே என்னை "முட்டாள்" என்பார். வேலையை விடுகிறேன் என்றதும் பாஸ்போர்ட்டைத் தர மறுத்தார்.

திருப்பதி பக்கத்தில் எங்கள் ஊரான வடமாலபேட்டையிலிருந்து அப்பா போனில் சொன்னார்: "திருப்பதிக்கு மொட்டை வேண்டிக்கினு இருக்கேன்னு சொல்லும்மா. பெருமாள் விஷயத்துல அந்தாளு குறுக்க நிக்கமாட்டான்."

அப்படியே சொன்னேன், பாஸ்போர்ட் கைக்கு வந்தது. "எனக்கு லட்டு கொண்டு வாங்க" என்று வேறு பிரின்சிபால் சொன்னார்.

பெருமாள் பெயரில் சொன்னது பொய்யாகக் கூடாதென்று திருப்பதிக்கு வந்து நிஜமாகவே மொட்டை போட்டுக்கொண்டேன். மாலத்தீவுப் பள்ளியில் பரீட்சை தொடங்கிய காலையில், மொட்டைத் தலையோடு நானே அவர் கேட்ட லட்டைத் தின்னும் போட்டோவை ராஜினாமாவுடன் அவருக்கு அனுப்பினேன்.

இப்போது பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுப்பதில்லை. முடி வளர்ந்துவிட்டது, கோபம் ஆறவில்லை. அந்தப் பள்ளிக்குக் கிளம்பும் டீச்சர்களிடம் போட்டோவைக் காட்டி நடந்ததைச் சொல்கிறேன். இதுவரை ஒருத்தரும் போகவில்லை.