அம்மா குடித்த கொம்பு

அப்பாவோடு பேக்கரியில் வேலை செய்த ஒருவர் தன் மகளின் கலியாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். அவர்கள் மியாவோ சனம், சீனாவில் எங்கேயோ ஒரு மலைக்கிராமம். ஊர் முறைப்படிதான் செய்வேன் என்று மனுசன் பிடிவாதமாக நின்றதால், இங்கே நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் அவர் புதிதாக வாங்கிய வீட்டின் கராஜ் வாசல் அன்றைக்கு ஊர்வாசல் ஆயிற்று.

சிக்கலே அந்த வாசலில்தான். பெண்கள் பாட்டுப் பாடி, மாட்டுக்கொம்பில் அரிசிச் சாராயம் நீட்டி வழிமறிப்பார்களாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் ஒரு மிடறு குடித்தால் உள்ளே விடுவார்கள். கொம்பில் கை பட்டதோ, முழுவதையும் குடித்தாக வேண்டும். அப்பா இதைக் காருக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்பா மாதாவுக்கு நேர்ந்து குடியை விட்டு ஒரு வருசமும் ஆகவில்லை. இனித் தொட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மல்வேர்னுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தார். பெரியம்மா வீட்டு நாய்க்கு என்னைக் கண்ணில் காட்டக்கூடாது. எட்டு வயதில் எனக்கிருந்த கவலைகளில் பாதி அந்த நாய்தான்.

"வாய் நனைக்கிறதுதானே, உது குடியில்லை," என்றார் அப்பா. அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கராஜ் வாசலில் வெள்ளி நகைகள் கிலுகிலுக்கப் பெண்கள் நின்றார்கள். கொம்பு அப்பாவின் வாய்க்குக் கிட்ட வந்தது. அவருக்குப் பின்னால் நின்ற எனக்கு, கோத்திருந்த விரல்கள் மெல்லப் பிரிவது தெரிந்தது. ஒரு கை முன்னால் போகப் பார்த்தது. காதுக்குள் நாய் குரைத்தது.

அதற்குள் அம்மா, பட்டுச்சேலையோடு, அப்பாவை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னே போய்க் கொம்பை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். சனம் ஆரவாரித்தது. இருமல் மருந்துக்கே முகம் சுளிக்கிற அம்மா, கண்ணை இறுக்கி மூடி அடிவரை குடித்தார். கலியாணப் பெண்ணின் தகப்பன் விழுந்து விழுந்து சிரித்து, முழுக் குடும்பத்தின் பங்கும் முடிந்தது என்று அப்பாவையும் என்னையும் உள்ளே தள்ளிவிட்டார்.

பிறகு அம்மா மணப்பெண்ணின் வெள்ளிக் கிரீடத்தைத் தடவி, எத்தனை பவுண் என்று தமிழிலேயே விசாரித்தார். மூங்கில் குழல் ஊதப் பெண்களோடு வட்டமாக ஆடினார். வட்டம் இடப்பக்கம் போக அம்மா வலப்பக்கம் போனார். அப்பா அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, ஓரமாக நின்று ஜூஸ் குடித்தார்.

திரும்பும்போது காருக்குள் நான் அம்மாவை ஏசினேன். "கை வைக்க வேண்டாமெண்டு அப்பா எத்தினை தரம் சொன்னவர்?"

"மறந்து போனன், பிள்ளை."

அப்பா சிக்னல் பச்சையாகியும் காரை எடுக்காமல் இருந்து, பின்னால் நின்றவர்களிடம் ஹோர்ன் அடி வாங்கினார்.

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்பது அன்றிலிருந்து என் புதிய கவலை. அடுப்பை நிற்பாட்டினீர்களா, கதவைப் பூட்டினீர்களா என்று எத்தனையோ வருசம் பின்னால் திரிந்து கேட்டேன். அம்மாவும் சலிக்காமல், "நல்ல காலம், ஞாபகப்படுத்தினாய்," என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.