மீன் தொட்டிக்கு இரண்டு சொட்டு

பனச்சமூட்டில் வளர்ப்பு மீன் விற்பவரிடம் இன்று காலை தீனி வாங்கப் போனேன். அவர் ஒரு நீலப் பாட்டிலை நீட்டினார்.

"அண்ணா, தொட்டியில வெள்ளம் மாத்துனா இதுல ரெண்டு சொட்டு விடணும். குளோரினை முறிச்சிரும்."

"எனக்க வீட்டு பைப்புல வாறது கெணத்து வெள்ளமாக்கும். அதுல ஏது குளோரின்?"

"இன்னைக்கு ஒரு நாளாவது விடுங்க."

இந்த வியாபாரத் தந்திரம் எனக்குத் தெரியாதா? தீனியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பாதித் தண்ணீரை மாற்றினேன். சற்று நேரத்தில் ஐந்து மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நீங்க கடைக்குப் போன நேரம் சுகாதார நிலையத்துல இருந்து ஆஷா பணியாளர் வந்து கெணத்துல பிளீச்சிங் பவுடர் போட்டாவ. நான் உடனே மோட்டாரும் போட்டாச்சு."

மறுபடியும் கடைக்கு ஓடினேன். பவுடர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்க பெண்டாட்டியாக்கும்" என்றபடி கடைக்காரர் நீலப் பாட்டிலை எடுத்துத் தந்தார்.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. உங்கள் கிணற்றில் பவுடர் போட்ட அன்றைக்கும் அவர் பாட்டிலை நீட்டினாரா? அதை மட்டும் சொல்லுங்க மக்கா.