போல்ட் உடைந்த அன்று

கிரீச்ச்ச்...

சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது பட்டறையிலிருந்து இந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மனசு குளிர்ந்துவிடும். பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த போல்ட் ஒன்று உடையாமல் கழன்றுவிட்டது என்று அர்த்தம். காட்டூரில் எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் பட்டறை. நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் இருமினால்கூடக் கேட்கும்.

என் வீட்டுக்காரர் மாணிக்கம் பழைய எஞ்சின் வேலைக்குப் பேர் போனவர். போல்ட் கழற்றுவது முரட்டு வேலை என்று நினைப்பீர்கள். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்... அவரோ எண்ணெய் விட்டுவிட்டு மறுநாள்வரை அதைத் தொடவே மாட்டார். அப்புறம் சூடு காட்டுவார். சுத்தியலால் லேசாகத் தட்டுவார். கழற்றும் முன், வேடிக்கையைப் பாருங்கள், முதலில் ஒரு இழை இறுக்குவார்! பிறகுதான் மெல்லத் திருப்புவார்.

"உடையப்போற போல்ட்டு கையில லேசா குழையும் சரசு. ரப்பர் மாதிரி. அப்பவே நிறுத்திட்டு, திரும்ப இறுக்கி, எண்ணெய் விடணும். கண்ணுக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்" என்பார்.

"போல்ட்டுகிட்ட காட்டுற பொறுமைய எங்கிட்டயும் கொஞ்சம் காட்டுங்க" என்று நான் இடிப்பேன்.

அந்தக் கைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார். "மெக்கானிக் கைடி, காய்ச்சுப்போன கை" என்று சிரிப்பார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நானும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். முழங்கைப் பக்கம் வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. தேமல் என்று விட்டுவிட்டோம்.

ஒருநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ராகவன் சார் ஒரு பழைய காரைக் கட்டி இழுத்து வந்தார்.

"அப்பா ஆசையா வச்சிண்டிருந்த வண்டி, மாணிக்கம். அவசரமே இல்ல. போல்ட் உடையாம கழட்டிக் குடுத்தா போறும். உங்க கையை நம்பித்தான் கொண்டுவந்திருக்கேன்."

உள்ளே முறிந்தால் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் எஞ்சின் பாழ். அந்தக் காருக்கு மாற்று எஞ்சின் எங்கே தேடுவது?

முதலில் ஒன்றிரண்டு கழன்றன. கிரீச்... கிரீச்...

அடுத்தது, டக்.

அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. கரண்டியோடு ஓடினேன். ஸ்பேனரில் போல்ட்டின் தலை மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழைஞ்சது எனக்குத் தெரியல சரசு."

"விடுங்க... ராத்திரி சரியா தூங்கல நீங்க."

"இல்ல. தெரியவே இல்ல."

மறுநாள் உள்ளே நின்றுபோன துண்டை எடுக்க, சுற்றிலும் நெருப்புக் காட்டினார். தோல் கருகுகிற நாற்றம் சமையலறைவரை வந்தது. எட்டிப் பார்த்தேன். நெருப்பை அணைத்துவிட்டுக் குனிந்து பார்க்கிறார். வலது கையின் சுண்டுவிரல் பக்கம் முழுவதும் அந்தச் சுட்ட இரும்பின் மேல் ஊன்றியிருக்கிறது.

"ஐயோ, கைங்க! கை!" என்று அலறினேன்.

"என்னாச்சு? ஏன் கத்துற?" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை அங்கேயேதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டதும் டாக்டரம்மா அந்தத் திட்டையும் பார்த்தார். "கண்ண மூடிக்குங்க. நான் தொடுறப்ப சொல்லுங்க" என்று பேனா நுனியால் விரல்களைத் தொட ஆரம்பித்தார். தொட்டார்... அழுத்தினார்... குத்தினார்கூட.

கண்ணை மூடியபடியே இவர் சொன்னார்: "நான் ரெடி மேடம். ஆரம்பிங்க."



தொழுநோய்.

"மாத்திரை இருக்கு, காசில்லாமலே தருவோம். நோய் சுத்தமா போயிடும். சாப்பிட ஆரம்பிச்சா யாருக்கும் ஒட்டாது, பயப்படாதீங்க. ஆனா போன உணர்ச்சி திரும்புமான்னு சொல்ல முடியாதும்மா. முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

காய்ச்சுப்போன கை என்று கொண்டாடினோமே...

தெருவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. தினமும் எங்கள் மரத்தில் கறிவேப்பிலை பறித்துப் போகும் எதிர்வீட்டு அக்கா, கடையில் வாங்க ஆரம்பித்தாள். வண்டிகள் வருவது நின்றது. ராகவன் சார் போனில் மரியாதையாகத்தான் பேசினார். நேரில் வரவில்லை, டிரைவரை அனுப்பினார். உடைந்த போல்ட் உள்ளே இருக்க, காரை வந்தது போலவே கட்டி இழுத்துப் போனார்கள். அது தஞ்சாவூர் ரோட்டில் திரும்பி மறையும்வரை இவர் வாசலிலேயே நின்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மாத்திரையெல்லாம் சாப்பிட்டு முடித்து, இப்போது நோய் சுத்தமாகப் போய்விட்டது. கையில் போன உணர்ச்சிதான் திரும்பவில்லை. பட்டறை ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. அவர் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலைக்கு உட்கார்ந்திருக்கிறார். குளிக்கிற வெந்நீரை நான் தொட்டுப் பார்த்த பிறகுதான் மேலே ஊற்றிக்கொள்கிறார்.

போன வாரம் என் மொபெட் எஞ்சினில் சைலன்சரைப் பிடித்திருக்கும் போல்ட் துருவேறி இறுகிவிட்டது. ஸ்பேனரை எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீயே போடு. குழையுற மாதிரி இருந்தா உடனே சொல்லு."

ஒரு இழை இறுக்கினேன். மெல்லத் திருப்பினேன். ஸ்பேனருக்குள் என்னமோ இளகியது.

"குழையுதுங்க!"

"நிறுத்து. திரும்ப இறுக்கு. எண்ணெய் விடு."

மறுநாள்தான் திரும்பத் தொட விட்டார். கிரீச்ச்ச்... முழுசாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

அன்றைக்கு அவர் கைக்குத் தெரிந்தது, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு வெறும் சத்தம். இன்றைக்கு என் கைக்குத் தெரிகிறது... பக்கத்திலேயே நிற்கிற அவருக்குச் சத்தம் மட்டும்தான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"எதுங்க?"

"நேத்து குழைஞ்சுச்சுன்னியே... அது."

ரப்பர் மாதிரி இருந்தது என்று, அவர் சொல்லிக் கொடுத்ததையே சொன்னேன். வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தலையாட்டிக்கொண்டார். பிறகு கம்பியில் கிடந்த துணியை எடுத்து, எண்ணெயே படாத தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.